மேக்கொங் கரையில் மூன்று நாள்: நக்கோன் பனோம் மாகாணத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தாய்லாந்தின் வடகிழக்கில், பாங்காக்கிலிருந்து சாலை வழியே ஏறக்குறைய 740 கி.மீ. தள்ளி, மேக்கொங் ஆற்றை ஒட்டியபடி நீண்டு கிடக்கிறது நக்கோன் பனோம். எதிர்க்கரை லாவோஸ். அங்கே தாக்கேக் நகரமும் அதன் பின்னால் சுண்ணாம்புக்கல் மலைகளும் இந்தக் கரையில் நின்றாலே தெரியும். வெளிநாட்டுப் பயணிகள் இங்கே அதிகம் வருவதில்லை. தாய்லாந்து மக்களோ ஆண்டு முழுவதும் வருகிறார்கள். பெரும்பாலும் ஒரே ஒரு தாதுகோபுரத்தை, அதாவது புத்தரின் உடல் எச்சத்தை உள்ளே வைத்துக் கட்டிய தாட் பனோம் கோபுரத்தைக் கும்பிடத்தான்.

கிளம்புவதற்கு முன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே பார்க்கத் தகுந்த ஒவ்வொன்றும் ஆற்றைக் கடந்து வந்த யாரோ கட்டியது, அல்லது கடந்து வந்தவர்களுக்காகக் கட்டப்பட்டது. 1893இல் சயாம் (தாய்லாந்தின் பழைய பெயர்) இடது கரையைப் பிரான்சுக்கு விட்டுக்கொடுத்த பிறகுதான் மேக்கொங் எல்லையானது. அதுவரை இரு கரையும் ஒரே மக்களின் ஊர்கள். இந்தக் கண்ணோடு பார்த்தால் கோயில், தேவாலயம், மணிக்கூண்டு, மரவீடு எல்லாம் ஒரே கதைக்குள் வந்துவிடும். இல்லையென்றால் படம் எடுத்துக்கொள்ளும் இடங்களாக மட்டும் மிஞ்சும். கீழே சொல்லியிருக்கும் வரிசை அதற்காகத்தான்: முதலில் நகரம், பிறகு தெற்கே தாட் பனோம், நேரமிருந்தால் வடக்கே தா உதேன்.

எப்போது போவது

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். காலையில் லேசான குளிர் இருக்கும், ஆற்றின் மேல் பனிமூட்டம் படரும், எதிர்க்கரை மலைகள் தெளிவாகத் தெரியும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் வெயில் கடுமை. ஜூலை முதல் செப்டம்பர் வரை மழை பெய்யும், ஆறு பெருகி ஓடும்.

விழாவோடு சேர்த்துப் போக நினைத்தால் இரண்டு வாய்ப்புகள். ஒன்று தாட் பனோம் திருவிழா. மூன்றாம் சந்திர மாதப் பௌர்ணமியை ஒட்டி, அதாவது ஜனவரி இறுதியிலோ பிப்ரவரியிலோ, ஒரு வாரத்துக்கு மேல் நடக்கும். கோபுரத்துக்கு வழிவழியாகத் தொண்டு செய்யும் குடும்பங்கள் தங்கள் விளைச்சலில் ஒரு பங்கை நெல்லாகக் கொண்டுவந்து படைப்பது அப்போதுதான். இன்னொன்று அக்டோபரில், மழைக்கால நோன்பு முடியும் ஓக் பன்சா பௌர்ணமியில் நடக்கும் தீப்படகு விழா. பழைய காலத்தில் வாழைத்தண்டிலும் மூங்கிலிலும் சிறு தெப்பம் கட்டி விளக்கேற்றி விட்டார்கள். இப்போது ஊர் ஊராகப் போட்டி போட்டு, படகின் மேல் பெரிய மூங்கில் சட்டகம் எழுப்பி, அதில் எண்ணெய் விளக்குகளை ஆயிரக்கணக்கில் தொங்கவிடுகிறார்கள். இருட்டியதும் கோயிலும் நாகமும் அரண்மனையும் நெருப்புக் கோடுகளாக ஆற்றில் மிதந்து வரும். அதே ஓக் பன்சா நாளில் காலையிலேயே தாட் பனோம் கோயில் வாசலில் இந்த வட்டாரத்து இனக்குழுக்கள் தத்தம் உடையில் ஆடும் வழிபாட்டு நடனமும் உண்டு. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். ஆனால் பல மாதங்களுக்கு முன்பே அறை பிடித்துவிடுங்கள்.

போய்ச் சேர்வது

தாய்லாந்துக்குள் நுழைய, வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மின்னணு வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். 2025 மே முதல் இது கட்டாயம். விசா விதிகள் அடிக்கடி மாறுவதால் டிக்கெட் எடுக்கும் வாரத்தில் தூதரகத் தளத்தைப் பார்த்துவிடுங்கள்.

பாங்காக்கிலிருந்து நக்கோன் பனோமுக்கு விமானங்கள் டான் முவாங் நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. நீங்கள் வந்து இறங்குவது சுவர்ணபூமி என்றால் நடுவில் குறைந்தது நாலைந்து மணி நேரம் விட்டு அடுத்த டிக்கெட்டைப் போடுங்கள், இரண்டு நிலையங்களும் நகரின் வெவ்வேறு பக்கங்களில் இருக்கின்றன. பறக்கும் நேரம் ஒன்றேகால் மணி. மோ சிட் பேருந்து நிலையத்திலிருந்து இரவுப் பேருந்தும் உண்டு, 11, 12 மணி நேரமாகும். இந்த ஊருக்கு இன்னும் ரயில் வரவில்லை.

நீங்கள் இறங்கும் விமான நிலையமே ஒரு வரலாற்று இடம். 1960களில், வியட்நாம் போரின்போது, அமெரிக்கப் படைகள் இங்கே தளம் அமைத்தன. லாவோஸ் காடுகள் வழியே தெற்கு வியட்நாமுக்கு ஆயுதம் போன ஹோ சி மின் பாதையில் ஒலியையும் அதிர்வையும் பிடிக்கும் கருவிகளை விமானத்திலிருந்து தூவி, அவை அனுப்பிய சமிக்ஞைகளை இந்தத் தளத்திலிருந்த கணினிகளில் அலசினார்கள். இக்லூ ஒயிட் என்பது அந்த நடவடிக்கையின் பெயர். எந்த மனிதரின் பெயரை அந்தப் பாதைக்கு வைத்தார்களோ, அவர் அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த கிராமம் இங்கிருந்து சில கிலோமீட்டரில்தான் இருக்கிறது. அங்கே போவதுதான் முதல் நாளின் முக்கிய வேலை.

முதல் நாள் காலை: நா சோக் கிராமம்

நகரத்துக்கு மேற்கே நாலைந்து கி.மீ. தூரம். வாடகைக் கார், முச்சக்கர வண்டி, சைக்கிள் எதில் வேண்டுமானாலும் போகலாம்.

பிற்காலத்தில் வடக்கு வியட்நாமின் தலைவரான ஹோ சி மின் 1928இல் சயாமுக்கு வந்தார். அப்போது அவர் பிரெஞ்சு அரசு தேடிக்கொண்டிருந்த ஆள். தாவ் சின் என்ற பெயரில் உதோன் தானி, நக்கோன் பனோம் வட்டாரங்களில் குடியேறிய வியட்நாமியர்களோடு தங்கி, தாய் மொழி கற்று, பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்க வைத்து, 1929 இறுதியில் கிளம்பிப் போனார். அந்த நாட்களில் அவர் தங்கிய இடங்களில் ஒன்று நா சோக்.

இங்கே இரண்டு இடங்கள் இருக்கின்றன. இரண்டையும் பாருங்கள், ஆனால் மரவீட்டுக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். எளிய பலகைச் சுவர், ஒரு மேசை, படுக்கை, சுவரில் பழைய படங்கள், முற்றத்தில் அவர் நட்டதாகச் சொல்லும் மரங்கள். வீடு பிற்காலத்தில் செப்பனிட்டு மீண்டும் கட்டியதுதான் என்றாலும் ஊர்க்காரர்களே அதைப் பேணுவதால் ஒரு குடும்பத்தின் வீட்டுக்குள் நுழைந்த உணர்வு வரும். காலணியைக் கழற்றிவிட்டு ஏறுங்கள். மற்றது 2004இல் திறந்த தாய்-வியட்நாம் நட்புக் கிராமமும், பின்னர் எழுப்பிய பெரிய நினைவு வளாகமும். அங்கே போனால் அரசுமுறைக் கண்காட்சியைப் பார்க்கலாம். கிராமத்தில் இன்றும் வியட்நாமிய வம்சாவளியினர் வாழ்கிறார்கள்.

முதல் நாள் பிற்பகல்: ஆற்றங்கரை நடை

நகரத்துக்குத் திரும்பி, வெயில் தணிந்த பிறகு சுந்தோன் விசிட் சாலையைப் பிடியுங்கள். ஆற்றுக்கு இணையாகப் போகும் இந்தச் சாலையில்தான் நகரத்தின் வரலாறு வரிசையாக நிற்கிறது. ஓரத்தில் நீண்ட சைக்கிள் பாதையும் உண்டு, விடுதிகளில் சைக்கிள் கிடைக்கும்.

வடக்கிலிருந்து தொடங்கினால் முதலில் வருவது இரட்டைக் கோபுரம் கொண்ட புனித அன்னாள் தேவாலயம். முதலில் கட்டியது 1926இல். வியட்நாமியக் கத்தோலிக்கர்கள் இந்தக் கரையில் எவ்வளவு காலமாக வேரூன்றியவர்கள் என்பதற்கு அது சாட்சி. அடுத்து மஞ்சள் வண்ணத்தில் பழைய ஆளுநர் மாளிகை, இப்போது அருங்காட்சியகம். பிரெஞ்சு இந்தோசீனாவின் கட்டடப் பாணி ஆற்றைத் தாண்டி வந்து நிற்பதைச் சன்னல்களிலும் வளைவுகளிலும் பார்க்கலாம்.

1955இல் மன்னர் பூமிபோல் இந்த மாகாணத்துக்கு வந்ததைப் பற்றிய பகுதியை அங்கே விட்டுவிடாதீர்கள். அந்த நவம்பர் 13 அன்று, தும் சந்தனிட் என்ற 102 வயது மூதாட்டி கையில் தாமரைகளோடு காலையிலிருந்து சாலையோரம் காத்திருந்தார். மன்னர் வருவதற்குள் பூக்கள் வாடிவிட்டன. மன்னர் குனிந்து, முகம் முகத்தோடு ஒட்டுமளவுக்கு நெருங்கி, அவர் கைகளைப் பற்றிய கணத்தைப் படம் பிடித்தார்கள். தாய்லாந்தில் அந்தப் படம் தொங்காத ஊரைப் பார்ப்பது கடினம். ரேனு நக்கோன் பக்கம் திரும்பும் சாலைச் சந்திப்பில் அந்த நிகழ்வுக்கு நினைவிடமும் இருக்கிறது, மறுநாள் போகும் வழியில் நிறுத்திப் பார்க்கலாம்.

இன்னும் நடந்தால் மணிக்கூண்டு. ஊரில் நான் மிக மதிக்கும் கட்டடம் இதுதான். அளவில் சிறியது, பலர் ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதன் பின்னால் இருப்பது பெரிய துயரம். 1946 மார்ச் 21 அன்று பிரெஞ்சுப் படைகள் எதிர்க்கரையில் தாக்கேக்கைத் தாக்கின. அங்கிருந்த வியட்நாமியர்கள் ஆயிரக்கணக்கில் படகேறி இந்தக் கரைக்குத் தப்பி வந்தார்கள். ஆற்றின் நடுவிலேயே சுடப்பட்டு இறந்தவர்கள் பலர். பிற்காலத்தில் லாவோஸின் முதல் குடியரசுத் தலைவரான இளவரசர் சுபானுவோங் அன்று ஆற்றைக் கடக்கும்போது காயமடைந்தார். தப்பி வந்தவர்களில் பல்லாயிரம் பேர் செஞ்சிலுவைச் சங்க ஏற்பாட்டில் 1960 முதல் வடக்கு வியட்நாமுக்குத் திரும்பினார்கள். போகும்போது, அடைக்கலம் கொடுத்த ஊருக்கு நன்றியாக அவர்கள் கட்டிக் கொடுத்தது இந்த மணிக்கூண்டு. கீழே நின்று அதன் பொறிப்பைப் பார்த்துவிட்டு, திரும்பி ஆற்றின் அகலத்தையும் பாருங்கள்.

ஏழு தலை நாகச் சிலை ஆற்றங்கரையிலேயே, 2016இல் நிறுவியது. பாயா சீ சத்தா நக்கராட் என்று பெயர். வரலாற்றுப் பழமை இல்லை, ஆனால் மேக்கொங்கின் அடியில் நாகங்கள் வாழ்கின்றன என்ற நம்பிக்கை இரு கரைகளிலும் மிகப் பழையது. வாழையிலையை மடித்துச் செய்த பாய் சீ படையலோடு மக்கள் மண்டியிட்டு வணங்குவதைப் பார்க்கும்போது அது சுற்றுலாவுக்கென்று வைத்த பொம்மையில்லை என்பது புரியும். படம் எடுக்கும்போது வணங்குபவருக்கும் சிலைக்கும் நடுவே நிற்காதீர்கள். வார இறுதி என்றால் மாலையில் இங்கே நடைத்தெருச் சந்தையும் இருக்கும். மாலை 5 மணியளவில் கிளம்பும் ஒரு மணி நேரப் படகில் ஏறினால் இரு நாட்டுக் கரைகளையும் நீரிலிருந்தே பார்க்கலாம்.

சாப்பாடு

காலை உணவை வியட்நாமியக் கடையில் சாப்பிடுங்கள். சிறு வாணலியிலேயே பரிமாறும் முட்டை, குவாய் ஜாப் யுவான் என்ற வழவழப்பான அரிசி நூடுல்ஸ் சூப், மதியத்துக்கு நேம் நுவாங். கடைசியது சுட்ட இறைச்சியைக் கீரையோடும் காய்களோடும் அரிசித் தாளில் சுருட்டிச் சாப்பிடுவது. மற்றபடி இது பசையரிசி தேசம், கையால் உருட்டிச் சாப்பிட நமக்குச் சிரமமே இல்லை.

சைவர்கள் கவனமாக இருக்க வேண்டும். காய்கறிப் பொரியலில்கூட மீன் சாறு விழும், சாலட்டில் புளித்த மீன் சேரும். "சைவம்" என்று விளக்கிக்கொண்டிருப்பதைவிட "கின் ஜே" என்று சொல்லுங்கள். சீன பௌத்த மரபின் கடும் சைவத்தைக் குறிக்கும் சொல், எல்லாருக்கும் தெரியும். அதில் பூண்டு, வெங்காயமும் வராது. "மாய் சாய் நாம் ப்லா" என்றால் மீன் சாறு வேண்டாம். தாட் பனோம் போன்ற சிற்றூர்களில் தேர்வு குறைவு என்பதால் பழம், கொறிப்பு கையில் இருக்கட்டும். தா உதேன் அன்னாசியும் ஏப்ரலில் வரும் லிச்சியும் இந்த மாகாணத்தின் பெயர்பெற்ற விளைச்சல்கள்.

இரண்டாம் நாள்: ரேனு நக்கோன் வழியாகத் தாட் பனோம்

நகரத்திலிருந்து தெற்கே நெடுஞ்சாலை 212இல் ஐம்பது கி.மீ. சொச்சம். வேன்களும் பேருந்துகளும் ஓடுகின்றன, ஒரு மணி நேரம். ஆனால் ரேனு நக்கோன் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருப்பதால் இந்த நாளுக்கு மட்டும் ஓட்டுநரோடு கார் எடுப்பது நல்லது.

ரேனு நக்கோன் பூ தாய் மக்களின் ஊர். 1826–28இல் வியஞ்சான் (இன்றைய லாவோஸ் தலைநகர்) அரசர் அனுவோங் சயாமை எதிர்த்துத் தோற்ற பிறகு, இடது கரை மக்களைச் சயாம் கூட்டங்கூட்டமாக வலது கரைக்கு இடம்பெயர்த்தது. பூ தாய் மக்கள் பலரும் அப்படி வந்தவர்கள். கருநீலச் சாயம் தோய்த்த பருத்தித் துணியும் வேகமும் நளினமும் கலந்த நடனமும் அவர்கள் அடையாளம். கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் துணி வாங்கலாம், கைத்தறியா என்று கேட்டுப் பின்பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள். மண்சாடியில் புளிக்கவைத்து நாணல் குழல் போட்டு உறிஞ்சும் லாவ் உ என்ற அரிசி மதுவும் இங்கே வழக்கம்.

ஊர்க் கோயிலின் கோபுரம் 1918இல் கட்டியது, 35 மீட்டர் உயரம். இதை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தாட் பனோம் கோபுரத்தின் பழைய வடிவத்தைப் பின்பற்றிக் கட்டியது இது. அந்தப் பழைய மூலம் இப்போது இல்லை.

பிற்பகலில் தாட் பனோம் சேருங்கள், இரவு அங்கேயே தங்குங்கள். பகல் பயணமாக வந்து ஒரு மணி நேரத்தில் திரும்புவோர்தான் அதிகம், அது இந்த இடத்துக்குச் செய்யும் நியாயமில்லை. ஆற்றங்கரையிலிருந்து வளைவு வாசல் வழியாக நேரே கோயிலுக்குப் போகும் தெருவில் நடந்தே நுழையுங்கள். லாவோஸிலிருந்து படகில் வந்த அடியார்கள் நடந்த வழி அது.

புத்தரின் நெஞ்செலும்பை மகா காசியபர் இங்கே கொண்டுவந்தார், ஐந்து மன்னர்கள் சேர்ந்து அதற்கு மாடம் எழுப்பினார்கள் என்பது தலபுராணம். கல்லும் செங்கல்லும் சொல்வது வேறு: அடித்தளத்துச் செங்கல் செதுக்கல்களில் கெமர் (கம்போடியா), சம்பா (இன்றைய வியட்நாமின் மத்திய, தெற்குப் பகுதியிலிருந்த பழைய அரசு) கலைகளின் சாயல் தெரிகிறது, ஆயிரம் ஆண்டுப் பழமை இருக்கலாம். யானை, குதிரை மேல் செல்லும் உருவங்களைத் தேடிப் பாருங்கள். 1690களில் வியஞ்சானிலிருந்து வந்த ஒரு பெரிய துறவியின் தலைமையில் கோபுரம் உயர்ந்து லாவோ வடிவம் பெற்றது. 1940–41இல் தாய்லாந்தின் கலைத்துறை மேலும் உயர்த்தியது.

1975 ஆகஸ்ட் 11 மாலை, பல நாள் மழைக்குப் பிறகு, முழுக் கோபுரமும் சரிந்து விழுந்தது. இடிபாட்டுக்குள்ளிருந்து தாதுப் பேழையை மீட்டார்கள். நாடு முழுவதும் பணம் திரண்டு, 1979இல் புதிய கோபுரத்துக்குள் தாது மீண்டும் குடியேறியது. எஞ்சிய பழைய செதுக்கல்களை அடித்தளத்திலேயே பதித்திருக்கிறார்கள். உச்சியிலிருக்கும் பொற்குடையையும் சேர்த்து இன்று 57 மீட்டருக்கு மேல். வளாகத்து அருங்காட்சியகத்தில் சரிவின் படங்களையும் இடிபாட்டில் கிடைத்த பொருள்களையும் பாருங்கள், பிறகு கோபுரத்தை மீண்டும் ஒருமுறை சுற்றுங்கள்.

வழிபடும் முறை நமக்குப் பழக்கமானதே. பூ, ஊதுவத்தி, மெழுகுவர்த்தி வாங்கி, வலமாக மூன்று சுற்று. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். பாதத்தைக் கோபுரத்தின் பக்கம் நீட்டி உட்காரக் கூடாது. பெண்கள் துறவிகளைத் தொடவோ, பொருளை நேரடியாகக் கையில் கொடுக்கவோ கூடாது. இந்த வட்டாரத்துத் தாதுகோபுரங்களில் உள்வேலிக்குள் பெண்களை விடாத வழக்கமும் உண்டு, பலகையைப் பார்த்து நடந்துகொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் விடியல்

சூரியன் லாவோஸ் பக்கம் உதிக்கிறது, கோயில் கிழக்கு நோக்கியது. 6 மணிக்கு முன்பே போய்விடுங்கள். முதல் வெளிச்சம் பொன் வேலைப்பாட்டில் விழும் நேரம், சுற்றுலா வண்டிகள் இன்னும் வந்திருக்காது. உள்ளூர் மூதாட்டிகள் பசையரிசிக் கூடையோடு துறவிகளுக்காகக் காத்திருப்பார்கள். நான் ஒரே ஒரு நேரத்தைத்தான் பரிந்துரைக்க முடியுமென்றால் இதையே சொல்வேன். திங்கள் அல்லது வியாழன் என்றால் படித்துறைப் பக்கம் லாவோஸ் வியாபாரிகள் காட்டுப் பொருள்களும் மூலிகைகளும் கொண்டுவரும் சந்தை கூடுவது மரபு, அன்று நடக்கிறதா என்று விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிழமைக் கோபுரங்கள்

தாய்லாந்து மக்கள் நட்சத்திரத்தை அல்ல, பிறந்த கிழமையை நினைவில் வைத்திருப்பார்கள். இந்த மாகாணத்தில் ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு கோபுரம். ஞாயிறுக்குத் தாட் பனோம், திங்களுக்கு ரேனு, செவ்வாய்க்கு நா கேயிலுள்ள சீ குன், புதனுக்குப் ப்லா பாக்கிலுள்ள மகாசாய், வியாழனுக்கு நா வாவிலுள்ள பிரசிட், வெள்ளிக்குத் தா உதேன், சனிக்கு நகரத்துக்குள் மகாதாட் கோயில். எட்டாவது, புதன் இரவில் பிறந்தவர்களுக்கு: மருக்கநக்கோன். புதன் இரவை ராகுவுக்கு உரியதாகக் கொள்கிறார்கள். எட்டையும் ஓடி ஓடிப் பார்ப்பதில் பெரிய பயனில்லை, மாகாணம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. உங்கள் கிழமைக்குரியதை மட்டும் தேர்ந்து போங்கள். கிழமை தெரியாவிட்டால் தா உதேன். நகருக்கு வடக்கே 26 கி.மீ., ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. அதே பக்கம் பாறைப் படிவத்தில் டைனோசர் காலடித் தடங்களைக் காட்டும் இடமும் உண்டு. போகிற வழியில் அட் சமாட் கிராமத்தில் தனி மொழி பேசும் சேக் இனத்தவர் வாழ்கிறார்கள்.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால்: எதிர்க்கரை

நகரப் படித்துறைப் படகுகள் இரு நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும். மற்றவர்கள் நகரத்துக்கு வடக்கே உள்ள மூன்றாம் தாய்-லாவோ நட்புப் பாலத்தின் வழியாகத்தான் போக வேண்டும். 2011 நவம்பர் 11இல் திறந்தது, நீளம் 1,423 மீட்டர். பேருந்து நிலையத்திலிருந்து தாக்கேக்குக்கு நேரடிப் பேருந்து உண்டு, இரு பக்கமும் இறங்கி முத்திரை வாங்கி ஏற வேண்டும். அங்கே பழைய பிரெஞ்சுச் சதுக்கமும் நகருக்குத் தெற்கே சீகோட்டபோங் தாதுகோபுரமும் அரை நாளுக்குப் போதும்.

லாவோஸ் விசாவை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அதைவிட முக்கியம், தாய்லாந்துக்குள் மறுபடி நுழைய உங்கள் விசா இடம் கொடுக்கிறதா என்று பார்ப்பது. ஒருமுறை நுழைவு மட்டும் என்றால் பாலத்தைத் தாண்டிய கணத்தில் அது முடிந்துவிடும். திரும்பி வரும்போது மின்னணு வருகை அட்டையையும் புதிதாக நிரப்ப வேண்டும். மாலை விமானத்தை நம்பி அதே நாளில் எதிர்க்கரைக்குப் போகாதீர்கள், விழா நாட்களில் பாலத்து வரிசை நீளும்.